மல்லிகை நிலமும் வத்தல்மலையும்: ஒரு கோடை நாள் பயணம்

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு வீட்டினுள் நுழைந்தேன். என் மகளும் மகனும் தங்கள் தாயாரின் கைப்பேசியைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். காரைக்காலைச் சேர்ந்த என் மனைவியின் தமையனார் நெடுங்காலமாகப் பிரான்சு நாட்டில் குடியிருப்பவர். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் குடும்பத்தோடு ஒருநாள் சுற்றுலா சென்றபோது எடுத்த படங்களைத்தான் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிவானம் வரை ஊதா நிறத்தில் வரிவரியாகப் பூத்த வயல்கள். அவற்றுக்கு அப்பால் குன்றின் உச்சியில் கல் வீடுகள் நெருங்கி நிற்கும் சிற்றூர். வயலின் நடுவே கைகளை விரித்து நிற்கும் மாமா வீட்டுப் பிள்ளைகள்.

"அத்தா, இது லாவண்டர் பூவாம். நாம் எப்போது இப்படி ஓர் இடத்துக்குப் போவோம்?" என்று கேட்டாள் ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்த என் மகள்.

மதரஸா ஆசிரியரின் வருவாயில் பிரான்சுப் பயணத்துக்கு வழி ஏது? "இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்" என்று சொல்லி வைத்தேன். அவள் அத்துடன் விடவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் வழியே தெரியும் நீல மலைத்தொடரைச் சுட்டிக் காட்டினாள். "அங்கேயாவது போகலாமே. அந்த மலையின் மேல் யார் இருக்கிறார்கள்?"

நான் விடையின்றி நின்றேன். வரலாற்றுப் பாடம் எடுத்துப் பட்டம் பெற்றவன். இந்தத் தருமபுரி மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மலையைப் பார்த்தே மழை வருமா வராதா என்று சொல்லிப் பழகியிருக்கிறேன். ஆனால் அதன்மேல் வாழும் மக்கள் யார், அவர்கள் எதை உண்கிறார்கள், எதை விளைவிக்கிறார்கள் என்பதை ஒருநாளும் அறிய முயன்றதில்லை.

கட்டிலில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த என் தாயார்தான் வாய் திறந்தார். "சந்தை நாளில் இறங்கி வருவார்கள். பலாப்பழமும் ஆமணக்கும் கொண்டுவந்து விற்றுவிட்டு, என் அத்தா கடையில் உப்பு வாங்கிக்கொண்டு போவார்கள். நான் சிறு பெண்ணாக இருந்தபோது பார்த்திருக்கிறேன்."

"நீங்கள் மேலே போயிருக்கிறீர்களா, தாதிமா?"

"பெண்பிள்ளைகளை அந்தக் காலத்தில் யாரம்மா மலைக்கு அழைத்துப் போனார்கள்?"

எழுபதைக் கடந்த அந்த முதியவரின் சொல் என்னைத் தைத்தது. அடுத்த வாரமே உறவினர் ஒருவருடைய வேனை ஏற்பாடு செய்தேன். ஒரே நாளில் எங்கள் மாவட்டத்துப் பூ நிலங்களையும், அந்த மலையாகிய வத்தல்மலையையும் பார்த்துத் திரும்புவது என்று முடிவாயிற்று.

லாவண்டரும் நம் வீட்டுத் தும்பையும்

புறப்படுவதற்கு முன்னால், பிள்ளைகளின் ஆவலைத் தூண்டிய அந்தப் பூவைப் பற்றிச் சிறிது தேடிப் படித்தேன். லாவண்டர் என்றதும் நம்மில் பலருக்கு வளைகுடாவிலிருந்து வருவோர் கொண்டுவரும் முகப்பவுடர் டப்பாதான் நினைவுக்கு வரும். அதன் தாயகம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வறண்ட மலைச்சரிவுகள். பிரான்சின் தென்பகுதியான புரோவென்சு அதற்குப் பெயர் பெற்றது. வலன்சோல் என்னும் மேட்டுநிலத்திலும் அதனைச் சூழ்ந்த குன்றுகளிலும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை அது பூக்கிறது. பூங்கதிர்களை அறுத்து, கொப்பரையில் இட்டு, நீராவியால் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பூ வேண்டும். அண்மைக் காலத்தில் லாவண்டர் எண்ணெய் உற்பத்தியில் பிரான்சையும் விஞ்சி நிற்பது பல்கேரியா.

இந்தக் கலையில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, நறுமணப் பொருட்களை வடித்தெடுக்கும் முறைகளைப் பற்றி நூறுக்கும் மேற்பட்ட செய்முறைகள் கொண்ட நூலொன்றை எழுதினார். அத்தர் என்று நாம் வழங்கும் சொல்லே நறுமணத்தைக் குறிக்கும் 'இத்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. லாவண்டர் இனத்துச் செடி ஒன்று யூனானி மருத்துவத்தில் உஸ்துகுத்தூஸ் என்ற பெயரால் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. மூளைக்குத் தெளிவு தரும் என்று கருதி, யூனானி ஹக்கீம்கள் அதனை 'மூளையின் துடைப்பம்' என்று அழைத்தார்கள்.

லாவண்டர் நமக்கு முற்றிலும் அந்நியமான செடியுமன்று. நம் வேலியோரத்துத் தும்பை, கொல்லையில் வளரும் கற்பூரவல்லி, ரைஹான் என்று நாம் போற்றும் திருநீற்றுப்பச்சிலை ஆகியவை அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதைச் சொன்னதும் என் மகள் கொல்லைப்புறம் ஓடிக் கற்பூரவல்லி இலை ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். "மாமா வீட்டுப் பூவுக்கு இது சொந்தமா?" என்று வியந்தாள்.

இருள் பிரியுமுன் மல்லிகைத் தோட்டத்தில்

தருமபுரி மாவட்டம் என்றால் ஒகேனக்கல் அருவியையும், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானையும் சொல்வார்கள். வறட்சியையும் சேர்த்துச் சொல்பவர் உண்டு. ஆனால் இந்த வறண்ட மண்ணில் கிணற்று நீரையும் சொட்டு நீரையும் நம்பிப் பூப்பயிர் செய்யும் குடும்பங்கள் மிகப் பல. மல்லிகை, சம்பங்கி, கனகாம்பரம், செண்டுமல்லி, குளிர்காலத்தில் சாமந்தி என்று முறைவைத்து இந்நிலங்கள் பூக்கின்றன. கார்த்திகை வாக்கில் கவாத்து செய்யப்பட்ட குண்டுமல்லிச் செடிகள் பங்குனி தொடங்கிக் கோடை முழுவதும் அரும்பு விடும். ஆகவே, கோடையில் வருபவர் காணத்தக்கது மல்லிகையே.

சுப்ஹுத் தொழுகையை முடித்தவுடன் புறப்பட்டு, எனக்கு அறிமுகமான ஒரு விவசாயியின் தோட்டத்தை அடைந்தோம். கிழக்கு வெளுக்கவில்லை. செடிகளுக்கிடையே ஆங்காங்கே சிறு விளக்குகள் அசைந்தன. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் துணிமடி கட்டிய பெண்கள் அரும்புகளைக் கொய்துகொண்டிருந்தார்கள். மல்லிகையை மலர்ந்த பின் பறித்தால் விலை இல்லை. அன்று மாலை மலரவேண்டிய அரும்பை அன்று அதிகாலையே இனங்கண்டு பறித்துவிட வேண்டும். நாளைக்கு முற்றும் அரும்பைத் தொடலாகாது. அரை இருளில் விரல் நுனியால் இந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள் அந்தப் பெண்கள்.

விடியல் வெளிச்சம் பரவியதும் பச்சைச் செடிகளின்மேல் வெண்முத்துக்கள் தூவினாற்போல் அரும்புகள் தெரிந்தன. பிரான்சுப் படத்தில் கண்ட அகன்ற வயல் அன்று இது; வரப்புக்குள் அடங்கிய சிறு தோட்டம். ஆயினும் அதன் மணம் எந்தப் படத்திலும் வராத மணம். என் தாயார் வரப்பில் நின்று கண்ணை மூடி "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

அந்த நேரத்தில்தான் ஒரு தவறு நேர்ந்தது. மாமா வீட்டுப் பிள்ளைகளைப்போல் வயலின் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்ட என் மகன், பாத்தியைத் தாண்டி உள்ளே ஓடினான். கால் இடறி, செடி ஒன்றின் கிளை முறிந்தது. அரும்புகள் மண்ணில் சிதறின. நான் பதறிப்போய் அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அருகில் பறித்துக்கொண்டிருந்த நடுவயதுப் பெண்மணி என்னைத் தடுத்தார்.

"திட்டாதீங்க பாய், சின்னப் புள்ள. கண்ணு, மெல்ல நடந்து வா. அது எங்களுக்குப் பூ மட்டும் இல்ல சாமி, வீட்டு அரிசி."

அவர் சொன்னதில் கோபம் இல்லை. சிதறிய அரும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். என் மகனும் மண்டியிட்டு அமர்ந்து அவரோடு சேர்ந்து பொறுக்கினான். முறிந்த கிளைக்கு விலை கொடுக்க முன்வந்தேன். தோட்டக்காரர் வாங்க மறுத்துவிட்டார். "ஒரு கிளைக்கா பணம்? அடுத்த மாதம் வேறு கிளை வந்துவிடும்" என்றார். ஆனால் அதற்குப் பின் அன்று முழுவதும் என் பிள்ளைகள் எந்த நிலத்திலும் கேளாமல் கால் வைக்கவில்லை.

நண்பகலுக்குள் வாடும் செல்வம்

பறித்த பூவை மூட்டை கட்டி ஏழு மணிக்குள் சந்தைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கிடையில் தோட்டக்காரர் தம் தொழிலின் நிலையை விளக்கினார். முகூர்த்த நாட்களிலும் பண்டிகைக் காலங்களிலும் பூவின் விலை விண்ணைத் தொடும். மறுநாளே அது தரைக்கு இறங்கிவிடும். நெல்லையும் கேழ்வரகையும் போலப் பத்தாயத்தில் கொட்டி வைத்து, விலை ஏறும்போது விற்கலாம் என்றால், பூ அதற்கு இடங்கொடாது. வரத்து மிகுந்த நாட்களில் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் சாமந்தியைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவோர் உண்டு.

லாவண்டர் விவசாயிக்கும் மல்லிகை விவசாயிக்கும் உள்ள வேறுபாடு அப்போது எனக்கு விளங்கியது. லாவண்டரை அறுத்த ஊரிலேயே வடித்துவிடுகிறார்கள். வடித்த எண்ணெயைப் பல மாதங்கள் வைத்திருந்து விற்கலாம். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஜம்மு காசுமீரின் தோடா மாவட்டத்தில் பதர்வா என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே மக்காச்சோளம் பயிரிட்டுப் போதிய வருவாய் காணாத விவசாயிகள் பலர், மைய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் நடத்திய 'அரோமா மிஷன்' திட்டத்தின் துணையோடு லாவண்டர் பயிருக்கு மாறினர். நாற்றுக்கள் கொடுத்ததோடு நில்லாமல், பூவை வடிக்கும் கொப்பரைகளையும் அப்பகுதியிலேயே அமைத்துக் கொடுத்தார்கள். 'ஊதாப் புரட்சி' என்று பெயர் பெற்ற அந்த முயற்சியின் பயனாக, 2022 மே மாதம் பதர்வாவில் லாவண்டர் திருவிழாவே நடைபெற்றது.

மல்லிகையிலிருந்தும் மணச்சாறு எடுக்கலாம். ஆனால் நீராவியின் சூட்டை அதன் மென்மையான மணம் தாங்காது. வேதிக் கரைப்பான்களைக் கொண்டே பிரிக்க வேண்டும். ஆயிரம் கிலோ குண்டுமல்லியிலிருந்து கிடைக்கும் மெழுகு போன்ற மணப்பொருள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான். ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம் பகுதியில் இத்தகைய ஆலைகள் இயங்குகின்றன. எங்கள் மாவட்டத்திலும் வாசனைத் திரவிய ஆலை ஒன்று வேண்டும் என்பது பூ விவசாயிகளின் நெடுநாளைய வேண்டுகோள். விலை வீழ்ந்த நாளில் பூவைக் குப்பையில் கொட்டாமல் ஆலைக்கு அனுப்ப ஒரு வழி இருந்தால் போதும் என்பதே அவர்கள் கேட்பது.

மலைப்பாதையில்

காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு மலையை நோக்கிப் புறப்பட்டோம். போகும் வழியில் பிள்ளைகளுக்கு இம்மண்ணின் கதையைச் சொன்னேன். அன்று இப்பகுதிக்குப் பாராமகால் என்று பெயர். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட இந்நிலம், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அலெக்சாண்டர் ரீடு என்பவரின் கீழ்த் துணை அதிகாரியாக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை ஏழாண்டுகள் இங்கே பணியாற்றினார். நிலத்தை உழுபவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை இப்பகுதியில்தான் உருப்பெற்றது. தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தின்மேல் மன்றோவுக்கு அளவற்ற பற்று இருந்தது. கடல் கடந்து வந்தவர் இந்த மண்ணை நேசித்திருக்க, இங்கேயே பிறந்த நான் அதன் மலையை ஏறிப் பார்க்காமலிருந்தேனே என்று எனக்குள் வெட்கமாக இருந்தது.

வத்தல்மலை தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அடிவாரம் தாண்டியதும் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். பழக்கமில்லாத ஓட்டுநர் இதில் வண்டி ஓட்டத் துணிதல் கூடாது. மூன்றாவது வளைவிலேயே என் மனைவிக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மேலே வந்து சேர்ந்தார். கீழே அனல் வீசிய காற்று, வளைவுக்கு வளைவு தணிந்தது. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். காலையில் நாங்கள் நின்ற சமவெளி, பச்சையும் செம்மண்ணுமாக ஒட்டுப் போட்ட போர்வைபோல் கீழே விரிந்து கிடந்தது. "நம் வீடு எங்கே?" என்று தேடினாள் மகள். இத்தனை நாள் வீட்டிலிருந்து மலையைப் பார்த்தவள், அன்று மலையிலிருந்து வீட்டைத் தேடினாள்.

மலைமேல் வாழும் மக்கள்

மேலே பெரியூர், பால்சிலம்பு முதலிய சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று சிறிது தொலைவில் அமைந்துள்ளன. இங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையாளி என்றவுடன் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடையே வழங்கிவரும் மரபுச் செய்தி. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி ஆகிய மலைகளிலும் இவர்களுடைய ஊர்கள் உண்டு.

சாமையும் கேழ்வரகும் இவர்களின் பழைய உணவுப் பயிர்கள். இன்று சரிவுகளில் ஓங்கி நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடியும், அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடியும் இவர்களுக்குப் பணம் தரும் பயிர்களாக உள்ளன. கோடை மழையின் முதல் தூறல் பட்ட சில நாட்களில் காப்பிச் செடி வெண்ணிறமாகப் பூக்கும்; அந்தப் பூவின் மணம் மல்லிகையை ஒத்திருக்கும். நாங்கள் சென்றபோது பூ உதிர்ந்து பச்சைக் காய்கள் திரண்டிருந்தன. அவை பழுத்துப் பறிப்புக்கு வரக் கார்த்திகை, மார்கழி ஆகிவிடும்.

காப்பி இந்நாட்டுக்கு வந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியார், ஹஜ்ஜுப் பயணத்தை முடித்துத் திரும்புகையில் யமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து, இன்றைய கருநாடகத்தின் சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த மலைத்தொடர் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

உப்பால் வந்த உறவு

ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கேட்டோம். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி எங்கள் வயதையும் வேடத்தையும் பார்த்துவிட்டு, "வாங்க பாய், உள்ள வாங்க. அம்மாவ உக்காரச் சொல்லுங்க" என்று பாய் விரித்தார். சிறிது நேரத்தில் வெல்லம் போட்ட கடுங்காப்பி வந்தது. அவர்கள் தோட்டத்துக் காப்பியை அவர்களே வறுத்து இடித்தது. பலாச்சுளைகளும் ஒரு தட்டில் வந்தன.

என் தாயாரும் அந்த மூதாட்டியும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்துக்கொண்டனர். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். "அந்தக் காலத்துல சந்தைக்கு எறங்குவீங்களா?" என்று கேட்டார் என் தாயார்.

"எறங்காம? விடியக்காலம் பொறப்பட்டு எங்கப்பாவோட நடந்தே எறங்குவேன். பலாப்பழம் தலைமேல. திரும்பி ஏறும்போது உப்பும் மண்ணெண்ணெயும்."

"உப்பு எங்க வாங்குவீங்க?"

"ஒரு பாய் கடையிலதான். அளந்து போட்டுட்டு, கையால ஒரு பிடி அள்ளிச் சேத்துப் போடுவாரு அந்த பாய்."

என் தாயாரின் கண்கள் கலங்கின. "எங்க அத்தாவும் அப்படித்தான் போடுவார்" என்றார். அந்தக் கடையும் இந்தக் கடையும் ஒன்றுதானா என்பதை யார் அறிவார்? சந்தையில் பாய் கடைகள் பல இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரு முதியவர்களும் அதை ஆராயவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அறிமுகமானவர்களைப்போல் கைகளைப் பற்றிக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பேச்சின் நடுவேதான் சாலை இல்லாத காலத்துத் துயரங்கள் வெளிவந்தன. இம்மலைக்கு வண்டிச் சாலை வந்தது இந்த நூற்றாண்டில்தான். அதற்கு முன்பு நோயுற்றவரையும் பேறுகாலப் பெண்ணையும் மூங்கிலில் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்குவார்களாம். "பாதி வழியிலேயே திருப்பித் தூக்கிட்டு வந்ததும் உண்டு" என்றார் அந்த மூதாட்டி. அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுற்றுலா வருபவர்க்கு வேடிக்கையாகத் தோன்றும் கொண்டை ஊசி வளைவுகள், அந்த மக்களுக்கு உயிர் காக்கும் வழி என்பதை அப்போது உணர்ந்தோம். வளைவுகளை எண்ணிக் கூச்சலிட்டுக்கொண்டு வந்த என் மகன், தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

லுஹர் வேளை வந்தது. இது கஸ்ர் செய்யத்தக்க தூரம் அன்று. ஆகவே முழுமையாகவே தொழவேண்டும். அந்த வீட்டார் தங்கள் பலாமரத்தடியைக் கூட்டிப் பெருக்கித் தந்தார்கள். வுளூச் செய்யத் தண்ணீரும் கொடுத்தார்கள். தொழுகைக்குப் பின் நாங்கள் கொண்டுசென்ற புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் அவர்களோடு பகிர்ந்து உண்டோம். விடைபெறும்போது என் தாயார் தம் சுருக்குப் பையிலிருந்து பணம் எடுத்தார். மூதாட்டி வாங்க மறுத்தார். "அப்படியானால் மிளகு கொடுங்கள், விலைக்கு" என்றாள் என் மகள். அரைக் கிலோ மிளகும் ஒரு கிலோ காப்பித் தூளும் உரிய விலை கொடுத்து வாங்கிக்கொண்டோம். அந்தச் சிறு பெண்ணுக்குத் தோன்றிய வழி எனக்குத் தோன்றவில்லை.

பயணம் செல்வோர் கவனத்திற்கு

வாசக நேயர்களே! நம் குடும்பங்களில் பயணம் என்பது திருமணத்துக்கும் மரணத்துக்கும் மருத்துவமனைக்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. சில வீடுகளில் ஆண்பிள்ளைகள் நண்பர்களோடு ஊர் சுற்றுவார்கள். தாயும் பாட்டியும் பெண்மக்களும் அடுப்பங்கரையிலேயே கோடையைக் கழிப்பார்கள். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்ற இறைக் கட்டளை ஆண்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. நெடுந்தூரம் போகவேண்டும் என்பதில்லை. ஒரு வண்டியும் ஒரு கட்டுச்சோற்று மூட்டையும் போதும்.

போகும்போது சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். பூந்தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால் முதல்நாளே தோட்டக்காரரிடம் அனுமதி பெறுங்கள். பறிப்பு நேரத்தில் குறுக்கே நில்லாதீர்கள். மலைக்குப் பகல் வெளிச்சத்தில் ஏறி, அஸருக்குள் இறங்கிவிடுங்கள். கொண்டுசென்ற நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் திரும்ப எடுத்து வாருங்கள். அங்கே குப்பை அள்ள நகராட்சி வண்டி வராது. அங்குள்ள பெண்களையும் குழந்தைகளையும் கேளாமல் படம் எடுக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்களை யாரோ படமெடுத்தால் நாம் பொறுப்போமா? முடிந்தவரை அவர்கள் விளைவித்த பொருளை அவர்களிடமே விலைக்கு வாங்குங்கள்.

அன்று மாலை வீடு திரும்பிய பின், மகள் தன் மாமா வீட்டுப் பிள்ளைகளுக்குப் படங்களை அனுப்பினாள். வயலின் நடுவே கை விரித்து நிற்கும் படம் அவற்றில் இல்லை. மல்லிகை அரும்பு நிறைந்த ஒரு மடி, பலாமரத்தடியில் கைகோத்து அமர்ந்த இரு முதியவர்கள் (கேட்டு எடுத்த படம்தான்), மலையிலிருந்து பார்த்த எங்கள் ஊர் ஆகியவற்றை அனுப்பினாள். அடுத்த விடுமுறையில் இங்கே வரவேண்டும் என்று அவர்கள் பதில் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் அந்தி நேரத்தில் வழக்கம்போல் பூக்கார அம்மாள் கூடையோடு வாசலுக்கு வந்தார். வழக்கமாக என் மனைவி இரண்டு முழம் கேட்டு, பேரம் பேசி, "இன்னும் அரை முழம் போடு" என்று வற்புறுத்துவார். அன்று பேரம் பேசவில்லை. சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். மகள் உள்ளே சென்று ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, "உட்கார்ந்து குடித்துவிட்டுப் போங்கள்" என்றாள். பூக்கார அம்மாள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துவிட்டு, எழுந்து செல்லும்போது தானாகவே அரை முழம் கிள்ளி என் தாயார் கையில் வைத்தார்.